எரிமலையைப் பார்த்துவிட்டு வருவோமா?

ஓசூர் தொழிற்பேட்டை. இரவு நேரம்.

பவுண்டரியில் உலை சாய்கிறது. உருகிய இரும்பு செக்கச் செவேல் என்று அச்சுக்குள் ஓடுகிறது. பத்தடி தள்ளி நின்றாலும் முகத்தில் அனல் அடிக்கிறது.

அந்தக் குழம்பு சில வாளி அளவுதான். அதற்கே இவ்வளவு அனல்! ஒரு மலையே வாயைத் திறந்து நெருப்புக் குழம்பைக் கக்கினால் எப்படி இருக்கும்?

அதைத்தான் "எரிமலை" என்கிறோம்.

புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்க முடியுமா?

முடியும். உலகத்தின் பல நாடுகளில் இதற்கென்றே ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்கிறார்கள். வண்டி, சாப்பாடு, துணைக்கு ஒரு வழிகாட்டி எல்லாம் உண்டு. காலையில் போய்விட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

திரும்பலாம் என்றா சொன்னோம்? பெரும்பாலும் திரும்பலாம்! அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊர் மலைகள்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் பாறை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை பாறை. ராயக்கோட்டை பாறை. ஓசூரில் சந்திரசூடேசுவரர் கோவில் இருப்பதும் பாறைக் குன்றின் மேல்தான்.

இவற்றில் ஏதாவது எரிமலையா?

இல்லை. பயப்பட வேண்டாம்.

இந்த வட்டாரத்துப் பாறைகள் மிகப் பழையவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் உருவானவை. அப்போது மனிதனும் இல்லை; மரமும் இல்லை.

ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு விசேஷமான பாறை உண்டு. கார்பனேட் சத்து நிறைந்த குழம்பு பூமிக்குள் இருந்து ஏறி வந்து, உறைந்து போன பாறை அது. வயது 70 கோடி ஆண்டுக்கும் மேல். அந்த இனத்துக் குழம்பைக் கக்குகிற உயிருள்ள எரிமலை இன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் இருக்கிறது.

ஆக, நம் ஊர் அடுப்பு அணைந்து எத்தனையோ யுகம் ஆகிவிட்டது. எரியும் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் கடல் தாண்டிப் போக வேண்டும்.

ஆனால் வெளிநாட்டுக்குப் போக வேண்டியது இல்லை. இந்தியாவிலேயே ஒன்று இருக்கிறது!

இந்தியாவின் ஒரே எரிமலை

வங்காள விரிகுடாவுக்குக் கிழக்கே அந்தமான் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் தலைநகரத்துக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு அதை "ஸ்ரீ விஜயபுரம்" என்று மாற்றியது.

அங்கே இருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோ மீட்டர் தூரத்தில், நடுக்கடலில் தன்னந்தனியாக ஒரு தீவு நிற்கிறது. அதன் பெயர் பாரன் தீவு. "தரிசுத் தீவு" என்று பொருள்.

இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை இது ஒன்றுதான்.

தீவின் குறுக்களவு சுமார் 3 கிலோ மீட்டர். கடலுக்கு மேலே அதன் உயரம் சுமார் 350 மீட்டர். "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். நாம் பார்ப்பது மலையின் தலையை மட்டும்தான். உடம்பு கடலுக்குள் இருக்கிறது. அங்கே கடலின் ஆழம் 2 ஆயிரம் மீட்டருக்கும் மேல்!

இந்தத் தீவில் மனிதர் யாரும் இல்லை. ஆடுகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் கொண்டு வந்து விட்ட ஆடுகளின் வாரிசுகள் அவை. நெருப்பு மலையின் அடிவாரத்தில் தழை தின்று பிழைக்கின்றன.

தூங்கி விழித்த மலை

1787ஆம் ஆண்டில் இந்த மலை நெருப்புக் கக்கியதைக் கப்பலில் போனவர்கள் பார்த்து எழுதி வைத்தார்கள். அதுதான் முதல் குறிப்பு. பிறகு 1832 வரை அவ்வப்போது புகைந்தது. அதன் பிறகு தூங்கிவிட்டது.

ஒரு நாள், இரண்டு நாள் தூக்கம் அல்ல. ஏறக்குறைய 160 ஆண்டுத் தூக்கம்!

"இனி இது எழுந்திருக்காது" என்று பலர் நினைத்தார்கள். 1991ஆம் ஆண்டில் எழுந்துவிட்டது. குழம்பு வழிந்து கடல் வரை ஓடியது. 1994-95இல் மீண்டும் வெடித்தது. 2005இல் மறுபடியும் தொடங்கியது. பிறகு விட்டு விட்டுப் புகைந்து கொண்டே இருக்கிறது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 23ந் தேதி ஒரு சம்பவம் நடந்தது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், தீவுக்கு அருகே கப்பலை நிறுத்தி, கடலடி மண்ணை எடுத்துக் கொண்டு இருந்தார்கள். திடீர் என்று மலை சாம்பலைக் கக்கியது!

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? ஓடிப் போய் மலையில் ஏறவில்லை. சுமார் ஒரு மைல் தூரத்தில் நின்று கவனித்தார்கள். சில நிமிடம் வெடிக்கும், பிறகு ஓயும், மறுபடியும் வெடிக்கும். பகலில் சாம்பல் மேகம் மட்டும் தெரிந்தது. சூரியன் மறைந்த பிறகு பார்த்தால், மலை உச்சியில் சிவப்பு நெருப்பு ஊற்று! குழம்பு சரிவில் வழிந்து இறங்கியது.

மலையைப் பற்றியே படித்தவர்கள் ஒரு மைல் தள்ளி நின்றார்கள் என்பதை மறக்காதீர்கள்.

மலை ஏன் எரிகிறது?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல தட்டுகளாக இருக்கிறது. நாம் இருக்கும் தட்டு, அந்தமான் பக்கம் போய் இன்னொரு தட்டின் அடியில் புகுந்து கொண்டு இருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சுனாமி வாரிக் கொண்டு போனதே, நினைவு இருக்கிறதா? இந்தத் தட்டுகள் சட்டென்று நழுவியதால் வந்ததுதான் அது.

அடியில் போகும் தட்டு சும்மா போவது இல்லை. கடல் நீரையும் தன் பாறைகளுக்குள் சுமந்து கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் கசிந்து வெளியே வருகிறது. நீர் பட்டதும், அங்கே உள்ள சூடான பாறை எளிதில் உருகிவிடுகிறது.

இரும்பு உலையில் சுண்ணாம்புக்கல் போடுவது எதற்கு? கசடு எளிதில் உருகிப் பிரிவதற்கு. பூமிக்கு அடியில் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் வேலையை நீர் செய்கிறது.

உருகிய குழம்பு லேசானது. ஆகவே மேலே ஏறுகிறது. அதற்குள் வாயு கரைந்து இருக்கிறது. கோலி சோடாவைக் குலுக்கி, கோலியைத் தட்டினால் என்ன ஆகும்? பொங்கிச் சீறும் அல்லவா? எரிமலை வாயிலும் அதுதான் நடக்கிறது.

வெளியே வரும் குழம்பின் சூடு 1,000 முதல் 1,200 டிகிரி வரை இருக்கும். நம் வீட்டில் சோற்றுக்கு வைக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுகிறது.

போய் வருவது எப்படி?

ஓசூரில் பஸ் ஏறினால், ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போய்விடலாம். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அங்கே இருந்தோ, சென்னையில் இருந்தோ அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு, மூன்று மணி நேரப் பயணம்தான்.

அந்தமானில் இறங்கிய பிறகுதான் எரிமலைப் பயணம் தொடங்குகிறது.

பாரன் தீவுக்குத் தினமும் படகு கிடையாது. ஒரு குடும்பமோ நாலைந்து நண்பர்களோ சேர்ந்து, தனிப் படகு பேசிக் கொண்டு போவது உண்டு. சில சமயம் கப்பல் பயணமும் ஏற்பாடு செய்கிறார்கள். இரவில் கிளம்பினால் பொழுது விடியும் போது தீவு கண்ணில் படும். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் கடல் பயணம். செலவு அதிகம்தான். கடல் ஒத்துக் கொள்ளாதவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வரும். மழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஓரளவு அமைதியாக இருக்கும்.

போய்ச் சேர்ந்தால் என்ன தெரியும்?

கருகரு என்று ஒரு மலை. அதன் சரிவில் குழம்பு உறைந்து, கருங்கல் ஆறு போலக் கடல் வரை கிடக்கும். உச்சியில் புகை. சில நாளில் புகை கூட இருக்காது. மலை உங்கள் விருப்பத்துக்கு வெடிக்காது!

ஒன்று முக்கியம். தீவில் இறங்கக் கூடாது. அது வன விலங்குகளுக்கு ஒதுக்கப்பட்ட சரணாலயம். அரசாங்க அனுமதியோடு போய், படகில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தமானில் பாராடாங் என்ற இடத்தில் "சேற்று எரிமலை" இருக்கிறது. அதுவும் ஒரு நாள் பயணத்தில் பார்க்கக் கூடியதுதான். ஆனால் அங்கே நெருப்பு கிடையாது. மண்ணுக்குள் இருந்து வாயு கிளம்பி, சேறு "குபுக், குபுக்" என்று கொப்பளிக்கும். "எரிமலை காட்டுகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால், "எந்த எரிமலை?" என்று முதலில் கேளுங்கள்.

இவ்வளவு பணம் செலவு செய்து போகிறோம். கரையில் கால் வைத்துவிட்டு வந்தால்தான் என்ன?

இப்படிக் கேட்பவர்கள், மூன்று நாடுகளில் நடந்ததைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

47 பேர் போனார்கள்

நியூசிலாந்து நாட்டில் பாரன் தீவைப் போலவே கடலில் ஓர் எரிமலைத் தீவு இருக்கிறது. அதற்கு வக்காரி என்று பெயர். "வெள்ளைத் தீவு" என்றும் சொல்வார்கள். அங்கே பயணிகளைத் தீவில் இறக்கி, எரிமலை வாய் வரை நடத்திக் கூட்டிப் போனார்கள். பல ஆண்டுகளாக அப்படி நடந்தது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 9ந் தேதி பிற்பகல். தீவில் 47 பேர் இருந்தார்கள். பலர் பெரிய உல்லாசக் கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள்.

2 மணி 11 நிமிடத்துக்கு மலை வெடித்தது.

நெருப்புக் குழம்பு ஓடி வரவில்லை. கொதிக்கும் நீராவியும் சாம்பலும் பாய்ந்து வந்தன. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் வழிகாட்டிகள். பிழைத்தவர்களிலும் பலருக்கு உடம்பெல்லாம் தீக்காயம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? மூன்று வாரத்துக்கு முன்புதான், மலையின் எச்சரிக்கை அளவை விஞ்ஞானிகள் ஒரு படி உயர்த்தி இருந்தார்கள். அது தெரிந்தும் பயணங்கள் நிற்கவில்லை. பிறகு வழக்கு நடந்தது. 2024இல் சில நிறுவனங்களுக்குக் கோர்ட்டு அபராதம் விதித்தது. போன உயிர் போனதுதான்.

ஜப்பானில் ஒன்டாகே மலை. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 27ந் தேதி சனிக்கிழமை. இலையுதிர் கால அழகைப் பார்க்க உச்சியில் கூட்டம். எச்சரிக்கை அளவு கடைசிப் படியில், அதாவது "சாதாரணம்" என்று இருந்தது. மலை திடீர் என்று வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர்.

இந்தோனேசியாவில் மராபி மலை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ந் தேதி. ஏறி இருந்தவர்கள் 75 பேர். இறந்தவர்கள் 24 பேர். எரிமலை வாய்க்கு 3 கிலோ மீட்டருக்குள் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது.

இது எப்படி நடக்கிறது?

மலைக்குள் தேங்கிய தண்ணீர் சூடேறுகிறது. ஒரு படி தண்ணீர் ஆவியானால் 1,600 படிக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லை என்றால்? சத்தம் போடாமல் வெடித்துவிடும் பிரஷர் குக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். குக்கராவது விசில் ஊதும். மலை சில சமயம் விசில் ஊதாது!

ஊரைத் தூக்கிக் கொண்டு போனவர்கள்

அப்படியானால் எரிமலைக்கே போகக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டு நல்லபடியாக வருகிறார்கள்.

இந்தோனேசியாவில் பாலித் தீவு இருக்கிறது. இந்துக்கள் வாழும் தீவு. இப்போது நம் ஊர்ப் பக்கம் கல்யாணம் ஆன ஜோடிகள் பலர் அங்கே போகிறார்கள். அங்கே பத்தூர் என்ற எரிமலை உண்டு. உயரம் 1,717 மீட்டர். நள்ளிரவு கழிந்ததும் எழுந்து, கையில் டார்ச் விளக்கோடு இரண்டு மணி நேரம் ஏறினால், உச்சியில் சூரிய உதயம் பார்க்கலாம். மலையின் வெடிப்பில் வரும் ஆவியிலேயே முட்டை வேக வைத்துக் கொடுப்பார்கள்!

ஆனால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏற விட மாட்டார்கள். ஏன்?

அந்த மலையை அவர்களுக்குத் தெரியும். 1917இல் மலை வெடித்தபோது, குழம்பு ஊரை நோக்கி வந்து, கோவில் வாசலோடு நின்றது. "அம்மன் காப்பாற்றினாள்" என்று ஊரார் அங்கேயே இருந்தார்கள். 1926இல் மறுபடியும் குழம்பு வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஊரும் கோவிலும் அதற்கு அடியில் போய்விட்டன. மக்கள் மேட்டுக்கு ஏறிப் போய்ப் புது ஊர் அமைத்தார்கள். அம்மனுக்கும் அங்கே புதுக் கோவில் கட்டினார்கள். அந்த ஊரும் கோவிலும் இன்றும் இருக்கின்றன.

மலையைக் கும்பிடத் தெரிந்தவர்கள் அவர்கள். மலையை விட்டு விலகவும் தெரிந்தவர்கள். வழிகாட்டிக்கு வேண்டிய படிப்பு அதுதான்.

சிவப்புப் பொத்தான்

நம் ஓசூர்த் தொழிற்சாலைகளில் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பார்த்திருப்பீர்கள். எமர்ஜென்சி பட்டன். ஆபத்து என்று தெரிந்தால் அதை அழுத்த வேண்டும். மிஷின் நின்றுவிடும்.

அழுத்தினால் வேலை கெடும். உற்பத்தி குறையும். மேஸ்திரி முறைப்பார். இருந்தாலும் அழுத்துவதுதான் சரி. அழுத்தாமல் விட்டு விரலை இழந்தவனுக்கு அது தெரியும்.

எரிமலைப் பயணத்தில் அந்தச் சிவப்புப் பொத்தான் யார்? வழிகாட்டிதான்!

"இன்று வேண்டாம். திரும்புவோம்" என்று சொல்ல அவனுக்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அவன் தினக் கூலிக்காரன். திரும்பினால் அன்றைய கூலி கிடைக்குமோ, கிடைக்காதோ? "ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறோம். இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப் போ" என்று பயணி கெஞ்சுகிறார். பணத்தையும் காட்டுகிறார். அவன் என்ன செய்வான்? வீட்டில் உலை வைக்க வேண்டாமா?

ஆகவே தனி வழிகாட்டி பேசும்போது, கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்:

"பாதி வழியில் திரும்பச் சொன்னாலும் உனக்கு முழுக் கூலி உண்டு."

இந்த ஒரு வாக்கியம் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். இன்றைக்கு மலையின் எச்சரிக்கை அளவு என்ன? நேற்றைய அளவு என்ன? எரிமலை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம்? வெடித்தால் எந்த வழியாக ஓடுவது? இந்த நாலுக்கும் உடனே பதில் சொல்லத் தெரியாதவனோடு போகாதீர்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, சார்" என்பது பதில் அல்ல.

படகில் போனால், ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மலை ஏறினால், கெட்டிச் செருப்பு போதாது, பூட்ஸ் வேண்டும். கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் எட்டி நின்று பார்ப்பதே நல்லது.

ஏறிப் பழக வேண்டுமா? அதற்கு வெளிநாடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளைக் கூட்டிக் கொண்டு கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஏறிப் பாருங்கள். உச்சியில் உட்கார்ந்து, "இந்தப் பாறையும் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் வெந்ததுதான்" என்று சொல்லுங்கள். கண் விரியக் கேட்பார்கள்.

பிறகு பணம் சேரும் போது பாரன் தீவுக்குப் போகலாம்.

அன்று மலை புகையாமல் இருக்கலாம். கடல் கொந்தளித்து, பாதி வழியில் படகைத் திருப்பலாம். "இவ்வளவு செலவு செய்தும் எரிமலையைப் பார்க்க முடியவில்லையே" என்று வீட்டில் குறைப்படலாம். மலை அங்கேயேதான் இருக்கும். 160 ஆண்டு தூங்கிவிட்டு எழுந்த மலை அது. இன்னொரு நாள் பார்த்துக் கொள்ளலாம்.

படகோட்டி திரும்பச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பேசிய கூலியை முழுசாகக் கையில் கொடுத்து, "நல்ல காரியம் செய்தாய், தம்பி" என்று சொல்லுங்கள்.

நாளைக்கு அவன் இன்னொரு குடும்பத்தைக் கூட்டிப் போவான் அல்லவா?